வில்லியம் எவன்ஸும் லாந்தனைடு வேதியியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனிம வேதியியல் படிக்கும் மாணவர்களிடம் வில்லியம் எவன்ஸ் பெயரை எடுத்தால் போதும், ஏறக்குறைய ஒரே வரிசையில் கேள்விகள் வரும். முனைவர் பட்டத்துக்காகச் சில ஆண்டுகள் சமேரியம் சேர்மங்களோடு மல்லுக்கட்டியவன் என்பதால், தெரிந்தவரை பதில் சொல்லி வந்தேன். அந்தப் பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இந்த எவன்ஸ்?

அமெரிக்க வேதியியலாளர். 1947-இல் பிறந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் ஹாதார்னிடம் ஆய்வு செய்து 1973-இல் முனைவர் பட்டம். அது போரான் வேதியியல், லாந்தனைடுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கார்னெலில் ஏர்ல் மட்டர்டீஸிடம் சில காலம் இருந்துவிட்டு, 1975-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சொந்தமாக ஆய்வுக்குழு தொடங்கினார். 1983-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்துக்கு மாறினார். அவருடைய பெரிய வேலைகள் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவை.

லாந்தனைடு என்பது தனிம வரிசை அட்டவணையின் அடியில் தனியாக எழுதுவார்களே, அதுதானே?

அதேதான். அடியில் இருக்கும் இரண்டு வரிசைகளில் மேல் வரிசை, லாந்தனத்தில் தொடங்கி லுடீஷியம் வரை. பிளஸ் டூவில் 'லாந்தனைடு குறுக்கம்' என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்திருப்பீர்கள். அரிய மண் தனிமங்கள் என்று சொன்னாலும் அவ்வளவு அரியவை அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிற மோனசைட்டில்கூட சீரியமும் லாந்தனமும் நியோடிமியமும் உண்டு. அரியது என்னவென்றால், ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்தெடுக்கும் பொறுமை. பதினைந்தும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி ஒரே குணத்தோடு இருக்கும். எல்லாமே மூன்று எலக்ட்ரான்களை விட்டுவிட்டு +3 நிலைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கரிம உலோகச் சேர்மம் என்றால்?

உலோகத்துக்கும் கார்பனுக்கும் நேரடியான பிணைப்பு இருக்கும் சேர்மம். பலருக்கும் தெரிந்த உதாரணம் ஃபெரோசீன்: இரண்டு ஐந்துகார்பன் வளையங்களுக்கு நடுவில் ஓர் இரும்பு அணு. 1951-இல் ஃபெரோசீன் வெளியானதும் வேதியியல் உலகமே வளையங்களைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் உலோகமாக முயன்று பார்த்தது. 1954-இல் வில்கின்சனும் பர்மிங்காமும் லாந்தனைடுகளிலும் செய்துவிட்டார்கள், உலோகத்துக்கு மூன்று வளையம் என்ற கணக்கில். ஆனால் அந்தச் சேர்மங்கள் உப்பு மாதிரி நடந்துகொண்டன. இரும்பும் நிக்கலும் ரோடியமும் கார்பனோடு விளையாடும் விளையாட்டு எதையும் இவை காட்டவில்லை. எனவே பெரும்பாலோர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அப்படியானால் எவன்ஸ் ஏன் அங்கே போனார்?

நான் இதை அவருடைய முதல் துணிச்சல் என்பேன். சிகாகோவில் வேலைக்குச் சேரும் இளம் ஆசிரியருக்குப் பணி நிரந்தரமாகச் சில ஆண்டுகள்தான் அவகாசம். அந்த நேரத்தில் யாரும் அடுத்தவர் நடந்த பாதையில்தான் நடப்பார்கள். எவன்ஸோ காட்டில் போய் நின்றார். 4எஃப் எலக்ட்ரான்கள் அணுவுக்கு உள்ளே ஒளிந்திருப்பவை, வெளியே இருக்கும் 5எஸ், 5பி எலக்ட்ரான்கள் அவற்றைப் போர்வை போல மூடியிருக்கும், அதனால் பிணைப்பில் அவற்றுக்குப் பங்கில்லை என்பது அப்போதைய பாடம். அந்தப் பாடம் தவறில்லை. வேறெந்த உலோகத்துக்கும் இல்லாத இந்த அமைப்பு, வேறெந்த உலோகமும் செய்யாத வேலையைச் செய்யக்கூடும் என்பதுதான் அவர் பிடித்துக்கொண்ட நூல்.

முதலில் எதில் வெற்றி கிடைத்தது?

சமேரியத்தில். லாந்தனைடுகளில் யூரோப்பியம், இட்டெர்பியம், சமேரியம் மூன்றும் +2 நிலைக்கு வரும் என்பது பழைய செய்தி. 4எஃப் கூடு பாதி நிரம்பினால் யூரோப்பியம், முழுதும் நிரம்பினால் இட்டெர்பியம், பாதிக்கு ஒன்று குறைந்தால் சமேரியம். மூன்றில் சமேரியம்தான் கோபக்காரன். கிடைத்த எலக்ட்ரானை யார் தலையிலாவது கட்டிவிட்டு +3-க்கு ஓடத் துடிக்கும். அதன் ஒடுக்க மின்னழுத்தம் (எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள, அதாவது ஒடுங்க, எவ்வளவு தயங்குகிறது என்பதன் அளவு) சுமார் -1.55 வோல்ட்.

எவன்ஸ் குழு உலோகத்தை வெற்றிடத்தில் சூடாக்கி ஆவியாக்கி, குளிரூட்டிய சுவரில் கரிமப் பொருளோடு சேர்த்துப் படியவைக்கும் முறையைக் கையாண்டது. ஐந்து கார்பனிலும் ஒவ்வொரு மெதில் தொகுதி உள்ள வளையம் இரண்டு, நடுவில் சமேரியம், பக்கத்தில் டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானின் இரண்டு மூலக்கூறு. ஊதா நிறம். 1981-இல் வெளியானது. கரைப்பானில் நன்றாகக் கரையும் +2 சமேரியம் கையில் கிடைத்தது, அதுதான் முக்கியம். கரைந்தால்தான் வினை செய்ய முடியும், படிகம் வளர்க்க முடியும். பிற்பாடு ஆவியாக்கும் கருவிகூடத் தேவைப்படவில்லை. பிரான்ஸில் ஹென்றி ககான் 1970-களில் எளிதாக்கித் தந்த சமேரியம் டைஅயோடைடை எடுத்து அந்த வளையத்தின் பொட்டாசியம் உப்போடு கலந்தாலே போதும் என்றாகிவிட்டது.

டெட்ராஹைட்ரோஃபியூரானை நீக்கினால் ஊதா போய்ப் பச்சை வரும். இரண்டு வளையம், ஒரு சமேரியம், வேறொன்றுமில்லை. ஃபெரோசீன் மாதிரி வளையங்கள் இணையாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். 1984-இல் படிக அமைப்பைப் பார்த்தால் அது வாய் திறந்த சிப்பி போல வளைந்திருந்தது. கோணம் சுமார் 140 டிகிரி. திறந்த வாயில் என்ன வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

இவற்றைக் காற்றுப்படாமல் எப்படிக் கையாளுகிறார்கள்?

கிளவ்பாக்ஸ் என்று ஒரு பெட்டி. முன்பக்கம் கண்ணாடி, அதில் தோள்வரை வரும் கறுப்பு ரப்பர் கையுறைகள் இரண்டு. உள்ளே நைட்ரஜன் அல்லது ஆர்கான். ஒரு குப்பியை உள்ளே அனுப்பவேண்டுமென்றால், பக்கத்துச் சிற்றறையில் வைத்துக் காற்றை இழுத்து, வாயுவை நிரப்பி, மறுபடி இழுத்து என்று மூன்று முறை. அப்புறம்தான் உள்கதவைத் திறக்கலாம். உள்ளே ஆக்சிஜன் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கவேண்டும். உலர்ந்த வாயுவில் நிலைமின்சாரம் பிடித்துக்கொள்வதால், கரண்டியில் எடுத்த தூள் குப்பிக்குள் விழாமல் குப்பியின் வெளிச்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு அடுக்கு ரப்பருக்குள்ளிருந்து விரல்நுனியால் ஒரு சின்ன மூடியைத் திருகப் பழகவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஒருநாள் இடதுகைக் கையுறையில், சுண்டுவிரல் மடிப்பில், ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. நான் கவனிக்கவில்லை. ஊதாக் கரைசல் வைத்திருந்த குப்பியின் மேல்விளிம்பில் மஞ்சள் வளையம் ஒன்று தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கீழே இறங்கியது. இரண்டு வாரத்து வேலை பத்து நிமிடத்தில் மஞ்சளாகிவிட்டது. ஆய்வுக் கட்டுரையில் 'காற்றுக்கு மிக உணர்திறன் வாய்ந்தது' என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்களே, அந்த வரிக்குப் பொருள் இதுதான்.

நைட்ரஜனோடு வினைபுரிந்த கதை என்ன?

எனக்கு மிகப் பிடித்த கதை. கிளவ்பாக்ஸில் நைட்ரஜனை நிரப்புவது அது எதிலும் தலையிடாது என்ற நம்பிக்கையில்தான். அந்தப் பச்சைச் சமேரியம் சேர்மத்தை டொலுவீனில் கரைத்து, நைட்ரஜன் சூழலில் மெல்ல ஆவியாக விட்டபோது வந்த படிகத்துக்குள் நைட்ரஜன் மூலக்கூறே உட்கார்ந்திருந்தது! 1988-இல் வெளியான முடிவு இது. இரண்டு சமேரியம், நடுவில் குறுக்கே படுத்த நைட்ரஜன், நான்கு அணுவும் ஒரே தளத்தில். நைட்ரஜன் அப்படிப் பக்கவாட்டில், தட்டையாக இரு உலோகத்துக்கு நடுவில் பிணைந்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. நைட்ரஜன் எடுத்துவிட்டால் சேர்மம் பழைய பச்சைக்கே திரும்பிவிடும்.

பாதுகாப்புக்கு நிரப்பிய வாயுவே வினைப்பொருளாகிவிட்டது. இந்த வழியில் அவர் குழு இருபது ஆண்டுக்கு மேல் நடந்தது. மற்ற லாந்தனைடுகளின் +3 சேர்மங்களைப் பொட்டாசியம் போன்ற கார உலோகத்தோடு சேர்த்தாலும் நைட்ரஜன் ஒடுங்குகிறது என்று கண்டார்கள். 2009-இல், மூன்று எலக்ட்ரான் வாங்கிய நைட்ரஜன் அயனியை டிஸ்ப்ரோசியத்தோடும் இட்ரியத்தோடும் (லாந்தனைடு அல்ல, ஆனால் அவற்றைப் போலவே நடந்துகொள்ளும் தனிமம்) தனித்துப் பிரித்தார்கள். நைட்ரஜன் இரட்டைப்படையில்தான் எலக்ட்ரான் வாங்கும் என்ற பழக்கம் அங்கே உடைந்தது. அந்த அயனியை எடுத்துக்கொண்டு பெர்க்லியின் ஜெஃப்ரி லாங் குழுவோடு சேர்ந்து 2011-இல் செய்த டெர்பியம் சேர்மம், 14 கெல்வினில் ஒரு மூலக்கூறு அளவிலேயே காந்த நினைவைக் காட்டியது.

'இருக்கவே முடியாத' சேர்மம் ஒன்றைச் செய்தார் என்கிறார்களே?

மூன்று பருமனான வளையங்கள் கொண்ட சமேரியம் சேர்மம். மெதில் தொகுதிகள் ஐந்தும் உள்ள வளையம் பருமனானது. மூன்றை ஒரே உலோகத்தைச் சுற்றி அடுக்க இடம் போதாது என்று கணக்குச் சொன்னது. மூன்று பேர் உட்காரும் பேருந்து இருக்கையில் மூவரும் பருமனாக இருந்தால் எப்படி, அந்த நிலைமை. 1991-இல் எவன்ஸ் குழு வேறெதையோ செய்யப் போனது. பச்சைச் சமேரியத்தை எட்டுகார்பன் வளையமான சைக்ளோஆக்டாடெட்ராயீனோடு வினைபுரிய விட்டார்கள். வந்த விளைபொருள்களில் ஒன்று, அந்த இருக்கவே முடியாத மூவளையச் சேர்மம்.

எப்படி இருக்க முடிந்தது? ஒவ்வொரு வளையமும் வழக்கத்தைவிட ஏறத்தாழ 0.1 ஆங்ஸ்ட்ரம் (ஓர் ஆங்ஸ்ட்ரம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தது. வேதியியலில் இது சின்ன தூரமில்லை. அந்த நெருக்கடியே ஒரு குணமாகியது. சமேரியம் ஏற்கெனவே +3-இல் இருக்கிறது, கொடுக்க எலக்ட்ரான் இல்லை, ஆனாலும் சேர்மம் ஒடுக்கியாக வேலை செய்கிறது. வெளியே தள்ளப்படும் வளையமே ஓர் எலக்ட்ரானை விட்டுவிட்டு ஓடுகிறது. பிறகு இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. இட நெருக்கடியால் வரும் ஒடுக்கம் என்று அவர்கள் பெயர் வைத்தார்கள். அவசரப்படும் ஒருவர் எதிர்பாராத விளைபொருளை மாசு என்று கழுவி ஊற்றியிருப்பார். அவர்கள் படிகம் வளர்த்துப் பார்த்தார்கள்.

எல்லா லாந்தனைடும் +2-க்கு வரும் என்று நிரூபித்தவர் அவர்தானா?

தனியாக இல்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

யூரோப்பியம், இட்டெர்பியம், சமேரியம் மூன்றோடு பட்டியல் நெடுநாள் நின்றது. 1997-இல் தூலியம் சேர்ந்தது. ரஷ்யாவின் மிகாயில் போச்கரேவ் குழுவும் எவன்ஸ் குழுவும் சேர்ந்து செய்த வேலை. 2000-இல் டிஸ்ப்ரோசியம், 2001-இல் நியோடிமியம். ஆறு ஆயிற்று. இதோடு சரி, மீதமுள்ளவை கரைசலில் +2-இல் நிற்காது என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். கணித்த ஒடுக்க மின்னழுத்தங்கள் அப்படி. காடோலினியத்துக்கு -3.9 வோல்ட் வரை சொன்னார்கள். பொட்டாசியத்துக்கே -2.9-தான். பொட்டாசியத்தால் முடியாததை வேறு எது செய்யும்?

2008-இல் இங்கிலாந்தில் மைக்கேல் லப்பர்ட் குழு லாந்தனத்தையும் சீரியத்தையும் +2-இல் படிகமாக்கிக் காட்டியது. கதவு திறந்தது அங்கேதான். எவன்ஸ் தம் கட்டுரைகளில் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. இர்வைனில் அப்போது நைட்ரஜன் ஒடுக்கத்தின் நடுவில் எந்தப் பொருள் உருவாகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். லப்பர்ட் பயன்படுத்தியதைவிடச் சிறிய வளையத்தை, சிலிக்கான் கொண்ட சிலைல் தொகுதி ஒன்றே ஒன்று உள்ளதை எடுத்தார்கள். உலோகத்தைச் சுற்றி மூன்று வளையம். பொட்டாசியம் அல்லது பொட்டாசியம் ஏற்றிய கிராஃபைட்டால் ஒடுக்கி, பொட்டாசியம் அயனியைப் பிடித்துவைக்க ஒரு கூண்டு மூலக்கூறைச் சேர்த்து, எல்லாவற்றையும் குளிரில் வைத்தார்கள். 2011-இல் இட்ரியம், 2012-இல் ஹோல்மியம், எர்பியம். 2013-இல் பிரசியோடிமியம், காடோலினியம், டெர்பியம், லுடீஷியம். ப்ரோமித்தியம் ஒன்று நீங்கலாக, வரிசை நிறைந்தது. லாந்தனைடுகளைக் கண்டுபிடிக்கத் தொடங்கி இரண்டு நூற்றாண்டு கழித்து, ஒரு வரிசை முழுவதற்கும் புதிய ஆக்சிஜனேற்ற நிலை!

கணிப்பு ஏன் பொய்த்தது?

கணிப்பு பொய்க்கவில்லை, அது போட்ட கேள்வி வேறு. வருகிற எலக்ட்ரான் 4எஃப்-இல்தான் போய் உட்காரும் என்று எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். முக்கோணமாக மூன்று வளையம் சூழ்ந்தால் 5டி ஆர்பிட்டால்களில் (எலக்ட்ரான் தங்கும் இடங்களில்) ஒன்று, வளையங்கள் இல்லாத மேல்கீழ்த் திசையில் நீட்டிக்கொண்டிருப்பது, கீழே இறங்கிவருகிறது. புது எலக்ட்ரான் அதில் ஏறிவிடுகிறது. 4எஃப் தொடப்படவே இல்லை.

இதற்கு ஓர் அழகான சான்று உண்டு. சமேரியமோ யூரோப்பியமோ +3-இலிருந்து +2-க்கு வந்தால் உலோகத்துக்கும் வளையத்துக்கும் உள்ள தூரம் 0.12 முதல் 0.16 ஆங்ஸ்ட்ரம் வரை கூடும். புதியவற்றிலோ 0.03 ஆங்ஸ்ட்ரம்தான் கூடியது. முதலில் பார்ப்பவர்களுக்கு, ஒடுக்கமே நடக்கவில்லையோ என்று தோன்றும். இட்ரியம் சந்தேகத்தைத் தீர்த்தது. இட்ரியத்தின் அணுக்கரு தற்சுழற்சி அரை. ஒற்றை எலக்ட்ரான் உலோகத்தின்மேல்தான் இருக்கிறதென்றால் எலக்ட்ரான் பரகாந்த ஒத்ததிர்வு நிறமாலையில் கோடு இரண்டாகப் பிரிய வேண்டும். இரண்டாகப் பிரிந்தது. இன்னொரு வியப்பு: முன்பே +2-க்கு வந்திருந்த நியோடிமியமும் டிஸ்ப்ரோசியமும்கூட இந்த மூவளையச் சூழலில் பழைய வழியை விட்டு 5டி வழியில் சேர்ந்துகொண்டன. ஆக, எலக்ட்ரான் எங்கே போகும் என்பதை உலோகம் மட்டும் தீர்மானிப்பதில்லை, சுற்றியிருக்கும் ஈனியும் (உலோகத்தோடு பிணைந்த வளையம் போன்ற தொகுதி) சேர்ந்து தீர்மானிக்கிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அவருடைய கட்டுரைகளை மாணவர்கள் படிக்கவேண்டும் என்பேன்.

இவ்வளவையும் ஒருவர் செய்ய முடியுமா?

முடியாது. கட்டுரைகளைப் புரட்டினால் முதலில் வரும் பெயர்கள் பெரும்பாலும் ஆய்வு மாணவர்களுடையவை. படிக அமைப்பு என்று வந்தால் ஜோசப் ஸில்லர் பெயர் பல பத்தாண்டுகளாகக் கூடவே வரும். கோட்பாட்டுக் கணக்கீடு என்றால் அதே இர்வைனின் ஃபிலிப் ஃபுர்ஷ். காந்த அளவீடு என்றால் ஜெஃப்ரி லாங்.

ஆக்டினைடுகளிலும் இது நடந்ததா?

நடந்தது. ஆக்டினைடுகள் என்றால் அட்டவணையின் அடியில் இருக்கும் கீழ் வரிசை. அதே மூவளைய உத்தியால் +2-க்கு வந்தவை: 2013-இல் யுரேனியம், 2015-இல் தோரியம். 2017-இல் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தோடு சேர்ந்து புளூட்டோனியம். புளூட்டோனியத்தில் பிழைக்கு இடமில்லை, அதனால் லாந்தனைடில் பல ஆண்டு கைபழகிய முறை அங்கே பேருதவி.

சரி, இதனால் என்ன பயன்?

அடிக்கடி வரும் கேள்வி, பெரும்பாலும் பெற்றோர்களிடமிருந்து. இந்தச் சேர்மங்கள் எதுவும் கடையில் கிடைக்காது, பலவும் அறைவெப்பத்தில் ஒருநாள்கூடத் தாங்காது. ஆனால் தொடர்ச்சியைப் பாருங்கள். இந்த +2 டிஸ்ப்ரோசியம், ஹோல்மியம் சேர்மங்களில், ஒற்றை உலோக அணு கொண்ட மூலக்கூறுகளில் அதுவரை காணாத காந்தத் திருப்புத்திறன், 11 போர் மேக்னட்டானுக்கும் (அணுவின் காந்தத்தை அளக்கும் அலகு) மேலே, 2015-இல் பதிவானது. அந்த 5டி எலக்ட்ரானை இரண்டு லாந்தனைடுகள் பகிர்ந்துகொள்ளும்படி லாங் குழுவினர் 2022-இல் செய்த மூலக்கூறுகள், 50 கெல்வினுக்கு அருகிலும் 14 டெஸ்லா புலத்துக்கு அசையாத காந்தங்களாக நின்றன. டயர் ரப்பருக்கான பியூட்டாடையீன் பாலிமராக்கத்தில் நியோடிமிய வினையூக்கிகள் ஆலைகளிலேயே ஓடுகின்றன. லாந்தனைடு-கார்பன் பிணைப்பு எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு அங்கே உதவுகிறது.

இந்தத் துறைக்கு வர என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

எம்.எஸ்ஸி.யில் கனிம வேதியியலும் குழுக் கோட்பாடும் ஒழுங்காகப் படியுங்கள். ஆர்பிட்டால் எங்கே இறங்கும், எங்கே ஏறும் என்பதை வரைந்து பார்க்கத் தெரியவேண்டும். முனைவர் பட்டத்துக்கு இடம் தேடும்போது ஆய்வகத்தில் கிளவ்பாக்ஸ் இருக்கிறதா, கரைப்பானை எப்படி உலர்த்துகிறார்கள், படிகத்தைக் குளிர்நிலையில் எக்ஸ்-கதிர் கருவியில் ஏற்றும் வசதி உண்டா என்று கேளுங்கள். கேட்கத் தயங்கவேண்டாம். கையுறையையும் தினமும் பாருங்கள், சுண்டுவிரல் மடிப்பை முக்கியமாக.

அட்டவணையில் எல்லாமே +2-க்கு வந்துவிட்டனவா? ஒன்றுகூட மிச்சமில்லையா?

2013-இன் பட்டியலில் ஒன்று விடுபட்டது: ப்ரோமித்தியம். அதற்கு நிலையான ஐசோடோப்பு ஒன்றுகூட இல்லை. ஆய்வுக்குக் கிடைக்கும் ப்ரோமித்தியம்-147-இன் அரைவாழ்நாள் சுமார் 2.6 ஆண்டு. 2024-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் அதன் +3 அணைவுச் சேர்மம் ஒன்றை நீர்க்கரைசலில் உருவாக்கி, ப்ரோமித்தியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பின் நீளத்தை அளந்தார்கள். நியோடிமியத்துக்கும் சமேரியத்துக்கும் நடுவில், அதனதன் இடத்தில் அந்த நீளம் சரியாகப் பொருந்தியது.